ஊர்வெளி இசையை ஊமையாக்கியோர்

"இசைக்கு மொழியில்லை" என்பது நம்மிடம் நெடுங்காலமாக விற்கப்பட்டு வரும் சரக்கு. விற்பவன் யார், எப்போது விற்கிறான் என்று பார்த்தால் போதும், சரக்கின் தரம் விளங்கிவிடும். தெலுங்கில் பாடும்போது இசைக்கு மொழி உண்டு. அதற்குச் சொல்லழகு உண்டு. உயிரீற்று இனிமை உண்டு. வடமொழியில் பாடும்போதும் மொழி உண்டு. அதற்குத் தெய்வத்தன்மையே உண்டாம்! "ஐயா, தமிழ்நாட்டில் தமிழில் பாடுங்கள்" என்று ஒருவன் எழுந்து கேட்டுவிட்டால், அந்த நொடியிலேயே இசை மொழியற்றதாகி விடுகிறது. என்ன விந்தை!

சென்னை மன்றங்களில் தமிழ்ப்பாட்டு இறுதியில் எறியப்படும் 'துக்கடா'வாகக் கிடந்த இழிவைப் பற்றி நம் இயக்க இதழ்கள் போதுமான அளவு எழுதியுள்ளன. நான் இங்கே எழுதப் புகுந்தது மன்றத்துக்குள் நுழையாத இசையைப் பற்றி. கூரையில்லாத இசை, நுழைவுச்சீட்டில்லாத இசை, ஆற்று மணலிலும் அறுவடை முடிந்த வயலிலும் அமர்ந்து ஓர் ஊரே கேட்ட இசை. மன்றத்து இசையை இழந்ததற்காகச் சினந்த நாம், இந்த ஊர்வெளி இசையை இழந்ததை இழப்பென்றே அறியாமல் இருந்துவிட்டோம்.

குடமுருட்டியாற்றங்கரையில் எங்கள் சிற்றூர். பங்குனித் திருவிழாவின் ஓரிரவு முழுவதும் நாயன இசைக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. (பெருவங்கியம் என்று எழுதுவதே தனித்தமிழ் நெறிக்குத் தகும். ஆயினும் எங்கள் ஊர் அதனை நாயனமென்றே அறியும். நாகசுரமா நாதசுரமா என்று புலவர்கள் வழக்காடிக்கொண்டிருந்தபோதும் ஊர் நாயனமென்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஆகவே அச்சொல்லையே ஆள்கிறேன்.) 1977 நவம்பர் 12-ஆம் நாள் நாகைக் கடற்கரையைத் தாக்கிய புயலில் எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்புகள் தலையிழந்து நின்றன. அடுத்து வந்த பங்குனியில், 1978-இல், விழா எடுப்பதா வேண்டாவா என்று ஊர்ப் பெரியவர்கள் மூன்று நாள் பேசினார்கள். பந்தலுக்குப் பணமில்லை. "பந்தல் இல்லாவிட்டால் என்ன, வானம் இல்லையா?" என்று ஒரு முதியவர் கேட்டார். அத்துடன் பேச்சு முடிந்தது. சிறுவனாக நான் கேட்ட நாயன இரவுகளில் அவ்விரவே எனக்கு முழுமையாக நினைவிருப்பது.

கோயில் வாயிலுக்கு எதிரே, தாளடி அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த வயலில் மக்கள் அமர்ந்தனர். வைக்கோலைப் பரப்பி அதன்மேல் கோணியை விரித்துக்கொண்டனர். வளியேற்றிய மண்ணெண்ணெய் விளக்குகள் நான்கு. ஒலிவாங்கி இல்லை, மேடையும் இல்லை. தவுல் அடிப்போர் இருவரும் வாரை இழுத்து இறுக்கி, விரல்களில் கூடுகளைப் பொருத்திக்கொண்டிருந்தனர். நாயனக்காரர் சீவாளியை நாவில் நனைத்துப் பதம் பார்த்தார். ஒத்து ஊதியவன் என்னைவிடச் சில ஆண்டே மூத்த சிறுவன். விடியும்வரை அவன் மூச்சு அறாமல் அந்த ஒற்றைச் சுரம் நின்றதை இன்று எண்ணினாலும் வியப்பாக இருக்கிறது. அப்பணியைப் பின்னாளில் ஒரு மின்பெட்டி எடுத்துக்கொண்டது.

முதலில் தவுல். அதன் பின் மல்லாரி. இறைத்திருமேனி கோயிலை விட்டு வெளியே வரும்போது ஊதப்படுவது அது. பெரிய மல்லாரி, சின்ன மல்லாரி, தேர் மல்லாரி, தளிகை மல்லாரி, தீர்த்த மல்லாரி என்று நிகழ்ச்சிக்கொன்றாக வகுத்து வைத்திருந்தனர் நம் முன்னோர். திருவுலா ஒவ்வொரு தெருமுனையிலும் நிற்கும். நாயனக்காரர் ஒரு பண்ணை எடுத்து விரிப்பார். ஒரு முனைக்கு ஒரு நாழிகையானாலும் எவரும் "போகலாம்" என்று சொல்லமாட்டார். நள்ளிரவுக்குப் பின் எங்கள் தெருமுனையில் அவர் எடுத்த பண் மன்றத்தார் நீலாம்பரி என்று பெயரிட்டழைப்பது. நம் ஓதுவார் மரபில் அதுவே மேகராகக்குறிஞ்சி. மடியில் கிடந்த குழந்தைகள் உறங்கின, பெரியவர்கள் உறங்கவில்லை. கிழக்கு வெளுக்கும்போது பூபாளம். அதற்கும் நம் பெயர் உண்டு: புறநீர்மை.

இங்கே ஒன்றை ஊன்றிப் பார்க்க வேண்டும். மல்லாரிக்குச் சொல் கிடையாது. அது தெலுங்கும் அன்று, வடமொழியும் அன்று. அது வழக்கமாக ஊதப்படும் பண், கம்பீரநாட்டை எனப்படுவது. தேவாரத் திருமுறையைத் திறந்தால் முதற்பதிகம் எந்தப் பண்ணில் அமைந்திருக்கிறது? நட்டபாடை. அந்த நட்டபாடையை ஓதுவார்கள் பாடிவரும் பண் எது? இதே நாட்டைதான்! காழிப்பிள்ளை வாய்திறந்த பண்ணிலேயே கோயிலின் கதவு திறக்கிறது. அதே பண்ணிலேயே தேர் வடம் அசைகிறது. பாட்டைத் தமிழன் மறந்தபோதும் பண் மறக்கவில்லை. சொல்லைப் பிடுங்கிக்கொண்டவர்களால் சுரத்தைப் பிடுங்க இயலவில்லை. "கருநாடக சங்கீதம்" என்று பெயர்மாற்றி வைக்கப்பட்ட இசையின் அடித்தளம் தமிழ்ப்பண்ணே என்று தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் 'கருணாமிர்த சாகர'த்தில் கணக்கிட்டுக் காட்டினார். விபுலானந்த அடிகள் 1947-இல் 'யாழ்நூலி'ல் நிறுவினார். நூல் படித்தவர்களுக்கு அவர்கள் சான்று. எங்கள் ஊர் உழவனுக்கு மல்லாரியே சான்று.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவ்விரவுகளைப் பொற்காலமென்று பாடிவிட்டுப் போக நான் எழுதவில்லை. வயலில் அமர்ந்தவர்கள் ஊர்த்தெருக்காரர்கள். சேரி மக்கள் ஆற்றுக் கரைமேட்டில் நின்று கேட்டனர். விழா தொடங்குவதை ஊருக்கு அறிவித்த பறை அவர்களுடையது. அந்தப் பறைக்கு உரியவனுக்கு வயலில் ஒரு கோணியளவு இடமில்லை! நாயனக்காரருக்கோ, இரவெல்லாம் இறைவனுக்கு முன்னே நடந்த பிறகும் திண்ணை ஓரத்தில்தான் இலை. கானாடுகாத்தானில் மதுரை சிவக்கொழுந்தின் தோளில் கிடந்த துண்டை எடுக்கச் சொன்னபோது, எடுக்கக் கூடாதென்று தடுத்து நின்றார் பட்டுக்கோட்டை அழகிரி. திருவாவடுதுறை இராசரத்தினம் நிமிர்ந்து நடந்த பிறகே நாயனக்காரனுக்கு மேடையில் அமரும் மதிப்பு உறுதியாயிற்று. இவை எல்லாம் நம் இனத்துக்குள்ளேயே நாம் இழைத்த கொடுமைகள். வடவர்மேல் பழிபோட்டுவிட்டு இவற்றிலிருந்து தப்ப முடியாது.

ஆனால் இசை என்ன செய்தது? கரைமேட்டிலும் அது கேட்டது. வயலில் கேட்டதைப் போலவே கேட்டது. திமிரி நாயனத்தின் உச்சக் குரல் வெளிக்கென்றே ஆனது. அதற்கு வேலி தெரியாது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மதுரையிலும் திருவாரூரிலும் கோயிலுக்கு வெளியே நின்றே யாழிசைத்தார் என்றும், இறைவன் ஆணையால்தான் உள்ளே சென்றார் என்றும் பெரியபுராணம் கூறும். அவர் மரபில் வந்த ஒரு பெண்ணே பின்னர்த் திருமுறைக்குப் பண் வகுத்துத் தந்தார் என்பதும் நம் மரபுச் செய்தி. வெளியே நிறுத்தப்பட்டவர்களே பண்ணைக் காத்திருக்கிறார்கள். மன்றத்துக்குள் போன இசைக்கோ சீட்டு வந்தது. முதல் வரிசை வந்தது. கடைசி வரிசையும் வந்தது.

இனி, சொல் வந்த இடத்துக்கு வருவோம். திருவுலா முடிந்து கோயில் வாயிலில் அமர்ந்து ஊதும்போது, நாயனக்காரர் எடுத்த உருப்படிகள் பெரும்பாலும் தெலுங்குக் கீர்த்தனைகள். அவரைக் குறைகூற மாட்டேன். ஆசான் கற்பித்ததை அவர் ஊதினார். திருமண வீட்டாரும் மன்றத்தாரும் அதையே கேட்டனர். கேட்டவர்கள் தமிழர். தியாகராசரைக் (1767–1847) குறைகூறவும் எனக்கு வழியில்லை. அவர் திருவையாற்றுத் தமிழ்மண்ணில் இருந்துகொண்டே தம் தாய்மொழியில் பாடினார். தாய்மொழிப் பற்றுக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு ஏது? அவரைப் பின்பற்றுவதாகச் சொல்லிக்கொள்ளும் தமிழன் தன் தாய்மொழியில் அன்றோ பாடவேண்டும்? இதைக் கேட்டால் வெறியன் என்கிறார்கள்!

1941-இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடியது. 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் எழுந்தது. தண்டபாணி தேசிகரும் சீர்காழி கோவிந்தராசனும் தமிழைத் தலைநிமிர்ந்து பாடினர். பெரும்பணிதான், மறுப்பார் இலர். எனினும் அவ்வெழுச்சியும் மன்றத்தையே மையமாகக் கொண்டது. எங்கள் ஊர் நாயனக்காரருக்குத் தமிழ் உருப்படிகளைக் கற்றுக்கொடுக்க எவரும் வரவில்லை. ஊர் ஊராகச் சென்றவர் என்று குடந்தை ப. சுந்தரேசனாரைச் (1914–1981) சொல்லலாம். சிலப்பதிகாரத்தையும் தேவாரத்தையும் பண்ணோடு பாடிக்காட்டி, இது உன் பாட்டனின் இசை என்று தமிழனுக்கு எடுத்துச் சொல்வதையே வாழ்வாகக் கொண்டிருந்தார் அவர். அவரைப்போல் இன்னும் பத்துப்பேர் இருந்திருந்தால் தஞ்சைக் கழனியின் இசை வேறாகியிருக்கும்.

பிறகு ஒலிபெருக்கி வந்தது. புன்னை மரத்தில் கட்டிய ஊதுகுழல்கள் இரண்டு. முதலில் பகலில் மட்டும் இசைத்தட்டு ஓடியது; பிறகு நாயனம் தொடங்கும்வரை ஓடியது; பிறகு நாயனம் ஒலிக்கும்போதே ஓடியது. மூச்சைப் பிடித்து ஊதும் மாந்தனுக்கு எதிராக மின்சாரத்தை ஏவினால் யார் வெல்வார்? எண்பதுகளில் நாயன இரவு அரையிரவாயிற்று. மீதியிரவு மெல்லிசைக் குழுவுக்குப் போயிற்று. திரைப்பாட்டையே நான் வெறுப்பவனல்லன். நல்ல தமிழ் அதிலும் உண்டு. ஆனால் ஊரின் ஒரே இசையிரவை அதற்குத் தாரைவார்த்தது எதற்கு?

அண்மையில் அப்பக்கத்துக் கோயில் விழா அழைப்பிதழொன்று என் கைக்கு வந்தது. "ப்ரம்மோத்ஸவ பத்ரிகை" என்று தலைப்பு. உள்ளே நாளுக்கொரு 'உபயதாரர்'. 'லைட் மியூசிக் ஆர்க்கெஸ்ட்ரா'வுக்கு அரைப்பக்கம், வண்ணப்படங்களுடன். நாயனக்காரர் எங்கே? கடைசி வரியில் "மங்கள வாத்யம்" என்று இரண்டே சொல். ஊதுபவர் பெயர்கூட இல்லை! விழாக்குழுவினர் அனைவரும் தமிழர், கையெழுத்தும் தமிழில்தான். இதற்கு எந்த வடவனைப் போய்க் கேட்பது?

"காலம் மாறிவிட்டது, இளைஞர் கேட்கமாட்டார்கள்" என்பார்கள். இளைஞருக்கு எப்போது ஊதிக்காட்டினீர்கள்? தேர் நகரும்போது நாயனமும் தவுலும் சேர்ந்தெழுந்தால் எந்த இளைஞன் திரும்பிப் பாராமல் போகிறான்? கைப்பேசியை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டாவது நிற்கிறான். கேட்கும் செவி இருக்கிறது. கேட்கவிடாமல் செய்வது பக்கத்திலே அலறும் பெட்டி. கருவி இல்லையென்றும் சொல்ல முடியாது. ஆச்சா மரத்தைக் கடைந்து நாயனம் செய்யும் நரசிங்கம்பேட்டைக் கைவினைக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டிக்கொண்டால் போதுமா? ஊதுபவன் பட்டினி கிடந்தால் கடைபவன் எதற்குக் கடைவான்?

தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் திருப்பதிகம் பாட இராசராசன் அமர்த்தியவர் 48 பேர். அவர்களோடு உடுக்கைக்கு ஒருவர், கொட்டிமத்தளத்துக்கு ஒருவர். கல்லில் வெட்டிவைத்த கணக்கு இது. நாற்பத்தெட்டு வேண்டா, ஊருக்கு ஓர் ஓதுவார் போதும். விழாவின் ஓர் இரவை நாயனத்துக்கென்று ஒதுக்குங்கள். அவர் ஒரு பண்ணை எடுக்குமுன் ஓதுவார் அப்பண்ணின் பதிகத்தைப் பாடட்டும். முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் மாரிமுத்தாப்பிள்ளையும் நாயனத்தில் ஒலிக்கட்டும். அந்நான்கு நாழிகைக்குப் புன்னைமரத்து ஊதுகுழல்களின் கம்பியைக் கழற்றி வையுங்கள். மெல்லிசைக் குழுவுக்குக் கொடுக்கும் தொகைக்குக் குறையாமல் நாயனக்காரர்க்கும் தவுல்காரர்க்கும் பறைக்காரர்க்கும் கொடுங்கள். அழைப்பிதழின் முதற்பக்கத்தில் அவர்கள் பெயரைப் போடுங்கள். கரைமேட்டில் யாரும் நிற்க வேண்டா. வயல் எல்லார்க்கும் போதுமான அகலம் உடையது.

தை பிறந்தவுடன் விழாக்குழுக்கள் கூடும். மாசியில் அழைப்பிதழ் அச்சுக்குப் போய்விடும். அதற்குள் நம் அன்பர்கள் நான்குபேராகச் சேர்ந்து அவரவர் ஊர்க் குழுவினரிடம் நேரில் பேச வேண்டும். எழுதிக் கொடுத்து ஒப்பம் பெற வேண்டும். "பணமில்லை" என்று சொன்னால், பந்தலை விட்டுவிடச் சொல்லுங்கள்.