தோட்டத்து வேட்பாளரும் பிரதேச சபையும்

பெரகலையிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் வீதியில் உள்ள கொஸ்லந்தவும் அதைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களும் பதுளை மாவட்டத்தின் ஹல்துமுல்லை பிரதேச பிரிவைச் சேர்ந்தவை. நகரங்களுக்கு மாநகர சபையும் நகர சபையும் இருப்பதுபோல, கிராமமும் தோட்டமும் கலந்த இத்தகைய பகுதிகளுக்கு உரிய உள்ளூராட்சி மன்றம் பிரதேச சபை எனப்படுகிறது. பொதுச் சுகாதாரம், பொதுவீதிகள், குடிநீர், கழிவகற்றல் போன்ற பொதுப்பயன்பாட்டுச் சேவைகள் ஆகியவற்றைக் கவனிப்பது அதன் சட்டப்படியான கடமை. தொழிலாளர் வரிசைக் குடியிருப்புகளான லயங்களின் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தியும், முதியவர்களின் அடையாள அட்டைக்கு அலைந்தும், பீலித் தண்ணீர் நின்றுபோனால் தோட்ட அலுவலகத்தில் முறையிட்டும் பழகிய ஒரு சமூகச் செயற்பாட்டாளர் அந்தச் சபைக்குப் போட்டியிட முன்வரும்போது, அவருக்கு எத்தனை வாக்குகள் கிடைக்கும் என்ற கணக்கே முதலில் போடப்படுகிறது. வென்ற பின் அந்தப் பதவியால் தோட்டத்துக்குள் என்ன செய்ய முடியும் என்பது அதைவிட முக்கியமான கேள்வி. மலையகத்தில் அக்கேள்விக்கு நீண்டதொரு வரலாறு உண்டு.

1930களில் கிராமச் சபைகளுக்கான சட்டம் திருத்தப்பட்டபோது தோட்டங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தொழிலாளர்கள் அச்சபைகளின் வாக்குரிமைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். 1947 பொதுத்தேர்தலில் மலையகத் தொகுதிகள் பலவற்றில் தோட்ட மக்களின் பிரதிநிதிகள் வென்றனர், பதுளையிலிருந்தும் எஸ். எம். சுப்பையா நாடாளுமன்றம் சென்றார். அடுத்த ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் சட்டத் திருத்தமும் அந்த மக்களை வாக்காளர் இடாப்பிலிருந்தே அகற்றின. 1964இன் இந்திய–இலங்கை ஒப்பந்தம் தொடங்கி 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை படிப்படியாகக் குடியுரிமை மீண்டது. ஆனால் அந்த இடைக்காலத்தில், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வேறொரு கதவை அடைத்திருந்தது. அதன் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிட இடம் தரவில்லை. தோட்டத்தில் வாழ்பவர் வாக்களிக்கலாம், வேட்பாளராகலாம், உறுப்பினராகவும் ஆகலாம். தம் லயத்துக்குப் பின்னால் ஒரு கான் வெட்ட, அதாவது மழைநீர் வடிகால் அமைக்க, சபைப் பணத்தில் ஒரு ரூபாயைக் கேட்க மட்டும் அவருக்கு வழியில்லை. மூன்று தசாப்தங்கள் நீடித்த இந்த நிலையை வெறும் நிர்வாகக் குறைபாடு என்று எழுதிவிட்டுக் கடந்துபோவது அநீதி.

அது மக்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதற்கு மீரியபெத்தவைவிட வேறு சான்று தேவையில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தவுக்கு மேலே மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். பலரது உடல்கள் இன்றுவரை அந்த மண்ணுக்குள்ளேயே கிடக்கின்றன. மண்சரிவு அபாயத்தை ஆராய்ந்து அறிவிக்கும் அரச அமைப்பான தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், அந்த இடம் குடியிருக்கத் தகாதது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தும் மாற்றுக் காணி இருக்கவில்லை. நிலம் அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது, லயம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. மலையின் விரிசலுக்குக் கீழே பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் உறங்கிய குடும்பத்துக்கு அந்த நிலத்தில் எந்த உரித்தும் இல்லை. எச்சரிக்கைக் கடிதத்தை மேசையில் போட்டு, இதற்கு என்ன பதில் என்று மாதந்தோறும் கேட்கும் கடமையும் அதிகாரமும் கொண்ட, அந்த மக்களே தெரிவுசெய்த ஒருவருக்கு இந்த ஏற்பாட்டில் இடமே வைக்கப்படவில்லை. தப்பியவர்கள் பாடசாலையிலும் தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கவைக்கப்பட்டனர். பூனாகலை மாகல்தெனியவில் கட்டப்பட்ட 75 வீடுகள் 2016இலேயே அவர்கள் கைக்கு வந்தன.

2018 பெப்ரவரியில் புதிய கலப்புமுறைப்படி உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. சபையின் இடங்களில் அறுபது வீதத்தை வட்டாரங்களும் நாற்பது வீதத்தை விகிதாசாரப் பட்டியலும் நிரப்புவதே இம்முறை. அதே ஆண்டின் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் 33ஆம் பிரிவை மாற்றி, தோட்ட நிர்வாகத்துடன் கலந்தாலோசித்துத் தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபை சேவை வழங்கலாம் என்றாக்கியது. இது மலையக அரசியலின் உண்மையான வெற்றி. ஆயினும் கலந்தாலோசித்தல் என்ற நிபந்தனை நடைமுறையில் அனுமதி கேட்டலாகச் சுருங்கிவிடக்கூடியது என்பதைத் தோட்டத்துரையின் அலுவலக வாசலில் நின்றவர்கள் அறிவார்கள். செயற்பாட்டாளர் உறுப்பினராவதன் பயன் இங்கேதான் தொடங்குகிறது. அதுவரை மனுவாக இருந்தது சபையின் தீர்மானமாகிறது. துரை வாய்மொழியாக மறுத்தது கூட்டறிக்கையில் பதிவாகிறது. தனிமனிதரின் நல்ல குணத்தை நம்பியிருந்த உதவி, கேட்டுப் பெறக்கூடிய கடமையாக மாறுகிறது.

ஆனால் அந்த இடத்துக்குப் போகும் வழி குறுகியது. இலங்கையின் உள்ளூராட்சித் தேர்தலில் எவரும் தனியாளாகப் போட்டியிட முடியாது. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் பட்டியலில் இடம்பெற வேண்டும், அல்லது சுயேச்சைக் குழு அமைத்துச் சபையின் எல்லா வட்டாரங்களுக்கும் விகிதாசாரப் பட்டியலுக்கும் ஆட்களை நிறுத்த வேண்டும். வட்டார வேட்பாளர்களில் பத்து வீதமும் மேலதிகப் பட்டியலில் பாதியும் பெண்களாக இருத்தல் வேண்டும். குறைந்தால் பட்டியலே நிராகரிக்கப்படும். பெண்களுக்கான இந்த ஏற்பாடு அவசியமானது, அதில் ஐயமில்லை. கட்டுப்பணம், அதாவது வேட்புமனுவுடன் செலுத்த வேண்டிய வைப்புத்தொகை, கட்சிக்காரருக்கு ஆளுக்கு 1,500 ரூபாய், சுயேச்சைக் குழுவினருக்கு ஆளுக்கு 5,000 ரூபாய் என்று இருப்பதற்கோ நியாயம் எதுவும் தென்படவில்லை. முப்பது பேர் கொண்ட பட்டியலாயின் கட்சிக்கு 45,000 ரூபாய், சுயேச்சைக் குழுவுக்கு 150,000 ரூபாய். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது; அந்தச் சம்பளத்தின்படி பார்த்தால் பிந்திய தொகை ஒருவரின் நூறு நாள் கூலிக்கும் மேலானதாக இருந்தது. கொழுந்து பறிக்கும் பெண்ணொருவர் வாக்குக் கேட்கப் போகும் ஒவ்வொரு நாளும், தோட்டத்தில் ‘பேர்’ எனப்படும் அன்றைய நாட்கூலியை இழக்கிறார். நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தான் விழும் என்ற வழக்கில் வாழ்பவருக்கு அது சிறிய இழப்பு அன்று.

எனவே பெரும்பாலானோர் தொழிற்சங்கம் சார்ந்த கட்சியின் பட்டியலை நாடுகிறார்கள். சம்பளம், குடியுரிமை, வீடு என மலையக மக்கள் பெற்ற ஒவ்வொன்றிலும் சங்கங்களின் உழைப்பு கலந்திருக்கிறது. அதை மறுப்பவர் வரலாறு அறியாதவர். எனினும் சந்தா, தலைவர், கமிட்டி என்று இயங்கும் சங்கத்தின் ஒழுங்கு வேறு, வட்டாரத்தில் வாழும் எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டிய சபை உறுப்பினரின் ஒழுங்கு வேறு. பிற சங்கத்தவரின் லயத்துக்கும், அயலிலுள்ள சிங்களக் கிராமத்தின் பாதைக்கும் ஒரே குரலில் பேசக்கூடியவரே சபையில் பெரும்பான்மை திரட்ட முடியும். தோட்ட மக்கள் சிறுபான்மையினராக உள்ள, பதுளை அடங்கிய ஊவா மாகாணத்தில், நுவரெலியா மாவட்டத்தைப்போல இரண்டு சபைகளை ஆறாகப் பிரித்துத் தமிழ்ப் பெரும்பான்மை காணும் வழி பெரிதும் இல்லை. இரு மொழியும் பேசி, கிராமத்தாரின் மரண வீட்டுக்கும் போய்வரும் செயற்பாட்டாளருக்குச் சங்கத் தலைவருக்கு இல்லாத தகுதியொன்று இருப்பது இதனால்தான்.

சபை இல்லாத காலம் எப்படியிருக்கும் என்பதையும் இப்பகுதி கண்டிருக்கிறது. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. பணமில்லை என்ற காரணம் கூறப்பட்டு அம்மாதம் நடக்கவிருந்த தேர்தல் நிறுத்தப்பட்டது. அதே மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்தில் மண் சரிந்து குடும்பங்கள் வீடிழந்தன. தேர்தலை நடத்தாதது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. வாக்களிப்பு 2025 மே 6ஆம் திகதியே நடந்தது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் தெரிவுசெய்த எவரும் இன்றி அதிகாரிகளே சபைகளை நடத்தினர். புதிய சபைகள் அமர்ந்த சில மாதங்களில், அவ்வாண்டு நவம்பர் இறுதியில், டித்வா புயல் மலைநாட்டைத் தாக்கியது. மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று.

24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் அவதானம், 100 ஆனால் எச்சரிக்கை, 150 ஆனால் வெளியேற்றம் என்பது கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பின்பற்றும் அளவுகோல். இதனை லயத்தில் எவர் அளப்பது, நள்ளிரவில் எந்தப் பாதையால் எந்தக் கட்டடத்துக்குப் போவது, அந்தக் கட்டடத்துக்குக் குடிநீரும் மலசலகூடமும் உண்டா என்பவை பிரதேச சபை தன் வரவுசெலவுத் திட்டத்தில் இடம் ஒதுக்கக்கூடிய சிறு சிறு காரியங்கள். கொஸ்லந்தவில் வாக்குக் கேட்டு வருபவரிடம் வாக்காளர் கேட்க வேண்டியவையும் இவையே. சுயேச்சைக் குழுவின் கட்டுப்பணத்தைக் கட்சியின் அளவுக்குக் குறைப்பதும், கலந்தாலோசனைக்குத் தோட்ட நிர்வாகம் இத்தனை நாட்களுக்குள் எழுத்தில் பதிலளிக்க வேண்டும் என்று 33ஆம் பிரிவில் கால எல்லை சேர்ப்பதும் நாடாளுமன்றத்தின் கையில் உள்ளன. 2024இல் பதுளை மாவட்டத்திலிருந்து ஆளும் தரப்பில் தெரிவான கிட்ணன் செல்வராஜும் அம்பிகா சாமுவேலும் இவ்விரு திருத்தங்களையும் முன்மொழிவதற்கு, அடுத்த உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன் போதிய காலம் இருக்கிறது.