அசென் பந்தயமும் அதன் விலையும்

ஜூன் 29, ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரை மணி. நெதர்லாந்தின் அசென் நகரில் மோட்டோ ஜிபி பந்தயம் தொடங்கியபோது தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தேன். கல்லூரி நாள்களில் சோழவரம் விமான ஓடுதளத்தில் மோட்டார் சைக்கிள் பந்தயம் பார்க்கப் போனதில் தொற்றிய பழக்கம் இது. பொருளாதாரம் கற்பித்து ஓய்வுபெற்ற ஒருவருக்கு இது தேவையா என்று வீட்டில் கேட்பதுண்டு.

மூன்று நாள்களும் பார்த்தேன். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் இருமுறை விழுந்த மார்க் மார்க்கெஸ், சனிக்கிழமை ஸ்பிரிண்ட் பந்தயத்தையும் மறுநாள் முதன்மைப் பந்தயத்தையும் வென்றார். உச்சப் பிரிவில் இது அவருடைய 68-ஆவது வெற்றி. ஜியாகோமோ அகோஸ்தினியின் எண்ணிக்கையை எட்டிவிட்டார். இரண்டாவதாக வந்தவர் மார்கோ பெசெக்கி. அவருக்கும் இந்தியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

அந்த வாரத்தின் பெரிய செய்தி பந்தயத் தடத்தில் நிகழவில்லை. மோட்டோ ஜிபியின் வணிக உரிமையைக் கொண்ட டோர்னா நிறுவனத்தை லிபர்ட்டி மீடியா வாங்குவதற்கு ஜூன் 23-ஆம் தேதி ஐரோப்பிய ஆணையம் ஒப்புதல் அளித்தது. ஜூலை 3-இல் கைமாற்றமும் முடிந்தது. ஃபார்முலா ஒன் பந்தயம் ஏற்கெனவே லிபர்ட்டியிடம்தான் இருக்கிறது. 2006-இல் ஃபார்முலா ஒன்னை வாங்க வந்த சிவிசி நிறுவனம் தன்னிடமிருந்த டோர்னாவை விற்றாக வேண்டும் என்று நிபந்தனை விதித்ததும் இதே ஆணையம்தான். இரண்டும் நெருங்கிய போட்டியாளர்கள் அல்ல என்பது இப்போதைய வாதம். ஒளிபரப்பு நிறுவனங்களின் கோணத்தில் அதை ஏற்கலாம். பந்தயம் நடத்தும் ஊர்களின் கோணத்தில் என்னால் ஏற்க முடியவில்லை.

அசெனின் மக்கள்தொகை சுமார் எழுபதாயிரம். அங்கே 1925-இல் பொதுச்சாலையில் தொடங்கிய பந்தயம், உலகப் போர்க் காலமும் கரோனா தாக்கிய 2020-உம் நீங்கலாக, இந்த நூறாண்டுகளில் நின்றதில்லை. தந்தை அழைத்துவந்த மகன் தன் மகனை அழைத்து வருகிறான். இந்த நற்பெயரை ஈட்டியது ஊர். அதற்கான வாடகையை வசூலிப்பது உரிமையாளர். பந்தயத்தை விற்பவர் ஒருவர், கேட்பவர் பலர். கேட்பவர்களில் நாட்டின் விளம்பரத்துக்காகச் செலவிடும் அரசுகளும் உண்டு. அத்தகைய ஏலத்தில் விலையைத் தீர்மானிப்பவர், நட்டத்தைக் கருவூலத்தில் எழுதக்கூடியவர். நுழைவுச்சீட்டு விற்றுப் பிழைக்கும் தடம் அவரோடு எப்படிப் போட்டியிடும்?

இது வெறும் ஊகம் அல்ல. அதே நெதர்லாந்தின் சாண்ட்வூர்ட் தடம் அரசு மானியமின்றி ஃபார்முலா ஒன் பந்தயத்தை நடத்துகிறது. கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆயினும் 2026-உடன் நிறுத்திக்கொள்வதாக அமைப்பாளர்களே அறிவித்துவிட்டனர். பெல்ஜியத்தின் புகழ்பெற்ற ஸ்பா தடத்துக்கு 2028, 2030 ஆகிய ஆண்டுகளில் பந்தயம் கிடையாது.

இனி பெசெக்கி. 2023 செப்டம்பரில் கிரேட்டர் நொய்டாவின் புத் தடத்தில் நடந்த முதல் இந்திய மோட்டோ ஜிபியை வென்றவர் அவர். ஏழாண்டு ஒப்பந்தம் என்றார்கள். மறு ஆண்டே பந்தயம் இல்லை. அந்தத் தேதி கஜகஸ்தானுக்குப் போனது; அங்கும் நடக்கவில்லை. கடைசியில், இரு வாரங்களுக்கு முன்புதான் ஒரு பந்தயத்தை நடத்தி முடித்திருந்த இத்தாலியின் பழைய மிசானோ தடமே இதையும் நடத்திக் கொடுத்தது. ஆக, புதிய சந்தைகள் கைவிடும்போது பழைய தடங்களே காப்பீடு. காப்பீடு தருபவர் பிரீமியம் பெறுவார் என்றுதான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். இங்கே அவரே பணம் கட்டுகிறார்.

பழமைக்காகச் சலுகை காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. அசெனே 2006-இல் ஏறத்தாழ 6 கி.மீ. தடத்தை 4.5 கி.மீட்டராக வெட்டிக்கொண்டது, ரசிகர்கள் இன்னும் அதைச் சொல்லிப் புலம்புகிறார்கள். காலத்துக்கேற்ப மாற அந்த ஊருக்குத் தெரியும். ஆனால், நடத்துவோரிடம் வசூலிக்கும் கட்டணத்தை வெளியிட வேண்டும் என்றாவது ஆணையம் கேட்டிருக்கலாம். 2006-இல் நிபந்தனை விதித்த அதே ஆணையம், இம்முறை எந்த நிபந்தனையுமின்றி ஒப்புதல் வழங்கியிருக்கிறது.