இருமல் நின்றது, கிருமி நின்றதா?



சென்ற வாரம் செனாவாங் பக்கத்தில் ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "வாத்தியாரே, எங்க வீட்டுக்காரரு காசநோய் மருந்து சாப்பிட ஆரம்பிச்சு ரெண்டு மாசமாச்சு. இருமல் போச்சு, உடம்பும் தேறிடுச்சு. கிளினிக்குக்கு நடந்தே சம்பளம் போவுது. நிறுத்திடலாமா?"

"கூடவே கூடாது" என்றேன். காரணத்தை உங்களுக்கும் சொல்கிறேன்.

ரப்பர் பால் ஆசிட் சேர்ந்தால்தான் சட்டென்று உறையும் என்பது பால்வெட்டும் குடும்பங்களுக்குத் தெரியும். ஐசோனியாசிட் மாத்திரையும் அப்படித்தான். காசநோய்க் கிருமிக்குள் உள்ள ஒரு நொதி அதன்மேல் வேலை செய்த பிறகே அது கிருமியைக் கொல்லும் நஞ்சாகிறது. கிருமி தன் கையாலேயே தனக்கு நஞ்சு காய்ச்சிக்கொள்கிறது!

ஆனால் கிருமி பெருகும்போது, எப்போதாவது அதன் மரபணுவில் ஒரு பிழை விழும். அந்தப் பிழை நொதியைக் கெடுத்துவிட்டால் மருந்து நஞ்சாகாது, கிருமி தப்பிவிடும். சிறுநீரைச் சிவக்க வைக்கும் ரிஃபாம்பிசின், வேறொரு நொதியைப் பிடித்து நிறுத்தும் மருந்து. அந்த நொதியின் உருவம் சற்று மாறினால் மருந்துக்குப் பிடி கிடைக்காது.

ஐசோனியாசிட்டுக்கு அடங்காத கிருமி ஏறத்தாழ 10 லட்சத்தில் ஒன்று. ரிஃபாம்பிசினுக்கு 10 கோடியில் ஒன்று. புண்பட்ட நுரையீரலிலோ கோடிக்கணக்கில் கிருமிகள்! ஒரே மருந்தென்றால் தப்பியவை பெருகிவிடும். இரண்டுக்கும் ஒருசேரத் தப்பும் கிருமி மிக மிக அரிது. அதனால்தான் தொடக்கத்தில் நான்கு மருந்துகள் சேர்த்துத் தருகிறார்கள்.

இருமல் நின்ற பிறகும் சில கிருமிகள் பதுங்கியிருக்கும். அவற்றையும் தீர்க்கவே ஆறு மாதம். விட்டுவிட்டுச் சாப்பிட்டால் எளிய கிருமி சாகும், முரட்டுக் கிருமி மிஞ்சும். அது இருமல் வழியே வீட்டுப் பிள்ளைக்கும் போகலாம். அந்தப் பிள்ளைக்கு முதல் நாளிலிருந்தே இந்த மருந்துகள் பலிக்காது.

'லயத்து வீட்டில் இருந்துகொண்டு குணமாக முடியுமா?' என்று மலைக்காதீர்கள். 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்துப் பார்த்தது. நெரிசலான வீடு, குறைந்த சாப்பாடு. ஆனாலும் மருத்துவமனையில் படுத்திருந்தவர்களைப் போலவே அவர்களும் தேறினார்கள் என்று 1959-இல் அறிவித்தது. குணமாக்கியது முறையாகச் சாப்பிட்ட மருந்துதான்.

ஆகவே, காலண்டரில் நாள்தோறும் ஒரு கோடு போடுங்கள். வேலை நேரம் இடித்தால் கிளினிக்கில் வாய்விட்டுச் சொல்லி வேறு நேரம் கேளுங்கள். மருந்தை நிறுத்தும் நாளை டாக்டர் சொல்லட்டும். இருமல் சொல்ல வேண்டாம்.