சாதுக் குதிரை என்று ஒன்று இல்லை

தில்லியில் கல்யாண சீசன். நேற்று எங்கள் குடியிருப்பில் ஒரு பாராத். காதைக் கிழிக்கும் பேண்டு, மேலே மாப்பிள்ளை, கீழே ஆடாமல் அசையாமல் பெண்குதிரை. "எவ்வளவு சாது பாருங்க!" என்றார் நம்ம ஊர் நண்பர் ஒருவர்.

சாதுவா? கால்நடை மருத்துவனாகச் சொல்கிறேன், அது வலி சார்! புலி, ஓநாய்க்கு இரையாக வாழ்ந்த இனம், நோவைக் காட்டிக்கொள்ளாது. முகத்தைத்தான் பார்க்கணும். பின்னால் விறைத்த காது, இடுங்கிய கண், இறுகிய வாய், புடைத்த தாடை... இப்படி ஆறு அடையாளங்களோடு 2014-லேயே அளவுகோல் வந்தாச்சு.

வாயோரம் நுரையில் ரத்தம். குதிரைக்காரரைக் கடிவாளத்தைக் கழற்றச் சொன்னேன். உள்ளே முள்! 1965-ஆம் வருட விதிகளிலேயே தடை செய்யப்பட்டது. முள்ளை வாயில் விட்டுவிட்டு வலி ஊசி போட்டு என்ன பயன்?

"வடக்கத்தி வழக்கம், நமக்கென்ன" என்று சொல்லாதீர்கள். நம்ம பையன்களும் இப்போது இங்கே குதிரை ஏறுகிறார்கள். முன்பணம் கொடுக்கும் முன் கடிவாளத்தைக் காட்டச் சொல்லுங்கள். முள் இருந்தால் வேண்டாம் என்றுவிடுங்கள். நடந்து வந்தாலும் மாப்பிள்ளை மாப்பிள்ளைதான்!