டீசல் வண்டியும் குறுந்தொலைவு நகரப் பயணமும்: கணக்கில் வராத கரி

இந்தியாவில் கார் வாங்க நினைக்கும் நடுத்தரக் குடும்பம் ஷோரூமில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: மைலேஜ் எவ்வளவு? மைல் என்னும் அளவை இந்நாட்டுச் சாலைகளை விட்டு நீங்கி அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. சொல் மட்டும் பொருள் மாறித் தங்கிவிட்டது. கடந்த தூரத்தைக் குறித்த அச்சொல், இன்று ஒரு லிட்டர் எரிபொருளில் கிடைக்கும் தூரத்தைக் குறிக்கிறது. ஆனால் அந்தத் தூரம் ஒரே ஓட்டத்தில் கடக்கப்பட்டதா, பத்துத் துண்டுகளாகக் கடக்கப்பட்டதா என்பதை அது சொல்வதில்லை. டீசல் வண்டியைப் பொறுத்தவரை, வாங்கலாமா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்க வேண்டிய தகவல் அதுவே.

காலையில் பள்ளிவரை 2 கிலோமீட்டர், பிறகு சந்தைவரை 3 கிலோமீட்டர், மாலையில் ரயில் நிலையம்வரை 4 கிலோமீட்டர். இடையிடையே வண்டி நின்று ஆறிவிடுகிறது. இத்தகைய பயன்பாட்டுக்கு டீசல் வண்டி பொருந்தாது. வாங்கியவரின் பணம் வீணாவது இதன் ஒரு பகுதியே. எரியாத கரியின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பது மற்றொரு பகுதி. பொதுவிவாதத்தில் பெரிதும் பேசப்படாததும் அதுதான்.

முதலில் இயந்திரத்தின் இயல்பு. பெட்ரோல் இயந்திரத்தில் தீப்பொறி எரிபொருளைப் பற்றவைக்கிறது. டீசல் இயந்திரத்தில் காற்றை மிகுதியாக அழுத்துவதால் உண்டாகும் வெப்பமே அதைச் செய்கிறது. எரிபொருளின் ஆற்றலில் கூடுதலான பங்கை இயக்கமாக மாற்றுவதே டீசலின் சிறப்பு. அச்சிறப்பே குறும்பயணத்தில் குறையாகிறது. வீணாகும் வெப்பம் குறைவு என்பதால் இயந்திரம் மெதுவாகவே சூடேறுகிறது. வெளியேறும் புகையின் வெப்பமும் குறைவு. சூடேறாத இயந்திரத்தில் எரிதல் முழுமையடைவதில்லை. கரித்துகள் மிகுகிறது, எரிபொருளும் கூடுதலாகச் செலவாகிறது. விளம்பரம் சொல்லும் மைலேஜ் கைக்கு வரும் முன்பே பயணம் முடிந்துவிடுகிறது.

2020 ஏப்ரல் 1 முதல் இந்தியா முழுவதும் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 விதிகள் இந்தச் சிக்கலுக்குப் புதிய வடிவம் கொடுத்தன. பி.எஸ்.4 விதியின்கீழ் டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் துகள்மாசு வெளியிடலாம். பி.எஸ்.6 அந்த வரம்பை 4.5 மில்லிகிராமாகக் குறைத்தது. நைட்ரஜன் ஆக்சைடுகளின் வரம்பு 250 மில்லிகிராமிலிருந்து 80 ஆயிற்று. டீசலில் இருக்கக்கூடிய கந்தகமும் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. இந்த வரம்புக்குள் நிற்பதற்காகவே, மெக்கானிக்குகள் டி.பி.எஃப். என்று அழைக்கும் கரித்துகள் வடிகட்டி டீசல் கார்களில் இடம்பெற்றது.

வடிகட்டி கரியைப் பிடித்துவைக்கிறது. ஆனால் காலவரையின்றிச் சேர்த்துவைக்க அதனால் இயலாது. சேர்ந்த கரியை அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்க வேண்டும். நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியில் புகையின் வெப்பமே இதில் ஒரு பகுதியைச் செய்துவிடும். மற்ற நேரங்களில் வண்டியின் கணினி கூடுதல் டீசலைப் பீய்ச்சி, வடிகட்டியின் வெப்பத்தை ஏறத்தாழ 600 டிகிரி செல்சியசுக்கு உயர்த்துகிறது. இதற்குப் பொதுவாகப் பதினைந்து இருபது நிமிடச் சீரான ஓட்டம் தேவை. பத்து நிமிடத்தில் வீட்டு வாசலில் அணைக்கப்படும் வண்டியில் எரிப்பு தொடங்கி, பாதியில் நின்று, மறுநாள் மீண்டும் தொடங்குகிறது. இதற்கெனப் பீய்ச்சப்பட்ட டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியே இறங்கி என்ஜின் ஆயிலில் கலக்கிறது. ஆயிலின் அளவு கூடுகிறது, வழவழப்புத் தன்மை குறைகிறது. டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. அதைப் பல நாள் பொருட்படுத்தாவிட்டால் இயந்திரம் தன் ஆற்றலைத் தானே குறைத்துக்கொள்ளும். முற்றிலும் அடைத்துக்கொண்ட வடிகட்டியை மாற்றுவது பெருஞ்செலவு. நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்க யூரியாக் கரைசல் பயன்படுத்தும் வண்டிகளிலும் இதே குறை உண்டு. புகை ஏறத்தாழ 200 டிகிரியை எட்டும் முன் அந்த அமைப்பு முறையாக வேலைசெய்வதில்லை.

இந்தியா வெப்பநாடு, குளிரில் சூடேறாத தொல்லை ஐரோப்பாவுக்கு உரியது என்று ஒரு மறுப்பு எழக்கூடும். ஐந்து டிகிரிக் குளிரில் கிளம்பும் வண்டிக்கும் முப்பது டிகிரியில் கிளம்பும் வண்டிக்கும் வேறுபாடு இருப்பது உண்மைதான். ஆனால் வடிகட்டி எட்ட வேண்டியது 600 டிகிரி. அந்த ஏணியில் இருபத்தைந்து டிகிரி முன்னதாகக் கால்வைப்பது பெரிய உதவியாகாது. ஆய்வகச் சோதனையும் இதைக் காட்டிக்கொடுப்பதில்லை. இந்தியக் கார்களின் மைலேஜும் மாசும் நெடுங்காலம் அளக்கப்பட்டுவந்த ஓட்டச் சோதனை 1,180 விநாடிகள், அதாவது ஏறத்தாழ இருபது நிமிடம், பத்துக் கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆறிய நிலையில்தான் அது தொடங்குகிறது என்றாலும், முதல் சில நிமிடங்களின் தீமை பிற்பகுதியின் நன்மையில் கரைந்துவிடுகிறது. இரண்டு கிலோமீட்டர் பயணத்துக்கு அப்படிக் கரைத்துக்கொள்ளப் பிற்பகுதியே இல்லை.

இனிப் பணக்கணக்கு. ஒரே மாதிரியின் டீசல் வகை பெட்ரோல் வகையைவிட ரூ.1,25,000 கூடுதல் விலை என்று கொள்வோம். நகரில் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 12 கிலோமீட்டரும் டீசல் வண்டி 16 கிலோமீட்டரும் தரட்டும். பெட்ரோல் லிட்டர் ரூ.95, டீசல் ரூ.88 என்று வைத்தால், கிலோமீட்டருக்கு மிச்சமாவது ஏறத்தாழ ரூ.2.40. கூடுதலாகக் கொடுத்த விலையை மீட்க 50,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். நாளுக்கு 60 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 நாள் ஓடுபவர் மூன்றாண்டுக்குள் மீட்டுவிடுவார். நாளுக்கு 15 கிலோமீட்டர் ஓடுபவருக்குப் பதினோராண்டுக்கு மேலாகும். டீசலுக்குச் சாதகமான மைலேஜைக் குறும்பயணத்துக்கும் அப்படியே கொடுத்துப் போட்ட கணக்கு இது. வடிகட்டிச் செலவும் ஆயில் செலவும் இதில் சேரவில்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் தில்லியில் ஓடக்கூடாது என்று ஆணையிட்டது; 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அந்த விதியின் நடைமுறை பின்னர் எப்படி மாறினாலும், முதலை மீட்கும் காலம் பத்தாண்டைத் தாண்டும் பொருளைச் சிக்கனம் என்று வாங்குவது விந்தையே.

அப்படியிருந்தும் 'டீசல் என்றால் சிக்கனம்' என்ற எண்ணம் ஏன் நிலைத்தது? விடை எரிபொருள் விலையின் வரலாற்றில் இருக்கிறது. பெட்ரோல் விலை 2010 ஜூனில் அரசுக் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டது. உழவரையும் லாரியையும் பேருந்தையும் கருதி டீசல் விலை 2014 அக்டோபர்வரை கட்டுப்பாட்டிலேயே இருந்தது. 2012 மே மாத இறுதியில் தில்லியில் பெட்ரோல் லிட்டர் ரூ.73ஐத் தாண்டியபோது டீசல் ரூ.41க்குக் கிடைத்தது. உழவரின் பம்புசெட்டுக்கென ஒதுக்கப்பட்ட சலுகையில் நகரத்துக் கார்களும் ஓடத் தொடங்கின. அக்காலத்தில் விற்ற கார்களில் பாதிக்கும் மேல் டீசல் வகையே. டீசல் கார்களுக்கு ரூ.80,000 கூடுதல் வரி விதிக்கலாம் என்று கிரீத் பாரிக் குழு 2010இலேயே பரிந்துரைத்தும் அது நடைமுறைக்கு வரவில்லை. 2012 ஜூனில்தான் உலக நல அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. விலை வேறுபாடு பின்னர் பெரிதும் சுருங்கியது. மாருதி சுசுகி 2020 ஏப்ரல் முதல் டீசல் கார் விற்பனையை நிறுத்தியது. எண்ணம் மட்டும் பழைய விலையிலேயே நிற்கிறது.

இங்கேதான் கரியின் விலையை யார் கொடுப்பது என்ற கேள்வி எழுகிறது. பி.எஸ்.6க்கு முந்தைய டீசல் சிறுகார்களில் பெரும்பாலானவற்றில் வடிகட்டி கிடையாது. அடைத்துக்கொள்ள ஏதுமில்லாததால் உரிமையாளருக்குத் தொல்லையில்லை; 'பழைய டீசல் வண்டிதான் சொன்னபடி கேட்கும்' என்ற பாராட்டும் அதற்குக் கிடைக்கிறது. குறும்பயணத்தில் பிறந்த கரி அவ்வளவும் தெருவுக்குப் போனது என்பதே அப்பாராட்டின் பொருள். வடிகட்டி உள்ள வண்டியில் அந்தக் கரி உரிமையாளரின் சட்டைப்பையைத் தேடி வருகிறது. இல்லாத வண்டியில் பள்ளி வாசலில் நிற்கும் குழந்தையின் நுரையீரலைத் தேடிப் போகிறது. தொல்லை தாளாமல் வடிகட்டியையே கழற்றிவிடச் சொல்பவர், தமக்கு வந்த விலைச்சீட்டை அந்தக் குழந்தையின் பெயருக்கு மாற்றி எழுதுகிறார். தில்லியில் வயது முடிந்த டீசல் வண்டிகள் தடையில்லாச் சான்று பெற்றுப் பிற மாநிலச் சிற்றூர்களுக்கு மலிவு விலையில் செல்வதும் இவ்வகை மாற்றமே. அங்கே அவை செய்யப்போவது பெரும்பாலும் கடைத்தெருப் பயணம்.

அரசின் மாசுச் சான்றிதழ் இதைப் பிடிக்காதா என்று கேட்கலாம். டீசல் வண்டிக்கான அந்தச் சோதனை, நிற்கும் வண்டியின் முடுக்கியை மிதித்துப் புகையின் அடர்த்தியை அளக்கிறது. அதுவும் இயந்திரம் சூடேறிய நிலையில். நைட்ரஜன் ஆக்சைடுகளும் நுண்துகளின் எடையும் அதில் அளக்கப்படுவதில்லை. ஆறிய வண்டி காலையில் தெருமுனையைக் கடக்கும் அந்த ஐந்து நிமிடங்கள் எந்தச் சான்றிதழிலும் பதிவாவதில்லை.

எதிர்த்தரப்பில் நியாயம் இல்லாமலில்லை. ஆறிய பெட்ரோல் இயந்திரமும் மாசு மிகுந்ததே. பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் புதிய வகைகள் நுண்துகளும் வெளியிடுகின்றன. எனினும் பெட்ரோல் வண்டி விரைவில் சூடேறுகிறது. அதன் புகையும் வெப்பம் மிகுந்தது. நகரில் ஓடுவதாலேயே டீசல் பழுதாகும் என்பதும் பிழை. நாள் முழுதும் ஓடும் வாடகைக் காரும் நகரப் பேருந்தும் ஆறுவதே இல்லை. அவற்றின் மாசு வேறு வகைச் சிக்கல். தில்லி தன் பேருந்துகளை உச்ச நீதிமன்ற ஆணையால் இயற்கை எரிவாயுவுக்கு மாற்றியது அதற்காகவே. கரியமில வாயுவைக் காட்டி டீசலை ஆதரிப்போரும் உளர். நீண்ட பயணத்தில் அவ்வாதம் ஓரளவு நிற்கும். ஆனால் ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோவும் டீசல் எரிந்தால் 2.7 கிலோவும் கரியமில வாயு வெளியாகிறது. குறும்பயணத்தில் மைலேஜின் மேன்மை சுருங்கச் சுருங்க, இந்த வேறுபாடே மிஞ்சும்.

எனவே வாங்குவோர் கேட்க வேண்டிய கேள்வி மாற வேண்டும். ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதோடு, நாளுக்கு எத்தனை முறை ஆறிய வண்டியைக் கிளப்புகிறோம், ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிடம் ஓட்டுகிறோம் என்பதையும் ஒரு வாரம் குறித்துப்பார்த்தால் போதும். பெரும்பாலான பயணங்கள் பதினைந்து நிமிடத்துக்குள் முடிந்தால் டீசலை விலக்கிவிடலாம். முன்பே டீசல் வண்டி வைத்திருப்பவர் தனித்தனிக் குறும்பயணங்களை ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். எரிப்பு நடக்கும்போது வண்டியை அணைக்காமல், நீண்ட சாலையில் அதை முடிக்க விடலாம். நாளுக்கு 15 கிலோமீட்டர் என்னும் ஓட்டம் மின்வண்டிக்கு இயல்பாகவே பொருந்தும். அதற்குச் சூடேற வேண்டிய தேவையில்லை. 2 கிலோமீட்டருக்கு மிதிவண்டியும் உண்டு.

இதில் குடும்பங்களைவிடக் கல்வி நிறுவனங்களுக்குப் பொறுப்பு மிகுதி. வளாகத்தின் ஒரு வாயிலிலிருந்து மறு வாயிலுக்கும், விருந்தினர் விடுதியிலிருந்து கருத்தரங்கக் கூடத்துக்கும் ஓடும் வண்டிகளைவிடத் தெளிவான குறும்பயணம் வேறில்லை. காற்றுமாசு பற்றி ஆய்வேடு எழுதப்படும் அதே வளாகத்தில், ஆய்வாளர் ஒருவரை அழைத்துவர டீசல் வண்டி 900 மீட்டர் ஓடி நிற்பது முரண். வாகனக் கொள்முதல் படிவத்தில் விலைக்கும் மைலேஜுக்கும் கட்டங்கள் உண்டு. 'ஒரு பயணத்தின் சராசரித் தூரம்' என்று இன்னொரு கட்டத்தைச் சேர்க்கச் செலவேதும் இல்லை. அடுத்த வண்டிக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும் முன் அந்தக் கட்டத்தை நேர்மையாக நிரப்பினால், எந்த எரிபொருள் என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும்.