சஹானா என்றால் நிவாரணம்

2004 டிசம்பர் 26 ஆம் திகதி கல்முனைக் கரையைக் கடல் அழித்தது. அதன்பின் இலங்கைக் கணினி வல்லுநர்கள் 'சஹானா' என்ற இலவச மென்பொருளை ஆக்கினர். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். பெயர்தான் புதிது, காணாமற்போனோர், முகாம்கள், உதவிப் பொருட்கள் பற்றிய இடாப்புத்தான் அது.

அலுவலர் 'டேட்டாபேஸ்' என்றதும் நாம் வாயடைத்து நிற்கிறோம். நெற்கணக்குக் கொப்பியின் பெரிய உருவமே அதுவும். 'ஐ.டி.பி.' என்பதோ இடம்பெயர்ந்த நாமேதான்! (காணியை இழந்தவனுக்கு மூன்றெழுத்துப் பட்டம்.)

முகம்மது என்ற பெயரை ஆங்கிலத்தில் பலவிதமாக எழுதலாம். ஓரெழுத்து மாறினாலும் கணினி ஒருவரை இருவராகக் கொள்ளக்கூடும். பிறகு காணி உறுதியோடு பெயர் பொருந்தாது. எனவே பதியும்போதே திரையைக் காட்டச் சொல்லி, அடையாள அட்டையோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அலுவலர் சலித்துக்கொண்டாலும் சரி.