பூச்சி பார்க்கும் படிப்பு

எம்.பி.பி.எஸ். முடித்த பெண்ணோ பையனோ மேல்படிப்புக்கு மைக்ரோபயாலஜி எடுக்கப் போகிறேன் என்று சொன்னால் நம் வீடுகளில் எழவு விழுந்த மாதிரி ஆகிவிடுகிறது. "ஏன், வேற எதுவும் கிடைக்கலையா?" என்பது முதல் கேள்வி. "அப்ப நோயாளியையே பார்க்க மாட்டியா?" என்பது இரண்டாவது. மூன்றாவது கேள்வியை வாய் விட்டுக் கேட்க மாட்டார்கள். அது கல்யாணச் சந்தை சம்பந்தப்பட்டது. என் தங்கையின் பேத்தி இந்த வருடம் இதை எடுப்பதாகச் சொன்னதிலிருந்து எங்கள் குடும்பத்தில் அவளுக்கு "பூச்சி டாக்டர்" என்று பெயர் வைத்தாயிற்று. வைத்தவர்கள் எல்லாம் படித்தவர்கள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பூச்சி பார்க்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நமக்குத் தெரிந்தது ரத்தம் எடுக்கிற ஜன்னலும், சாயங்காலம் வாங்கிக்கொள்கிற சீட்டும்தான். நடுவில் நடப்பது நம் கணக்கிலேயே வருவதில்லை. எம்.டி. மூன்று வருடப் படிப்பு. பாக்டீரியா, வைரஸ், ஒட்டுண்ணி, பூஞ்சை, உடலின் எதிர்ப்புச் சக்தி, எல்லாம் உண்டு. நோயாளியின் சளியை, சிறுநீரை, முதுகுத்தண்டு நீரைத் தட்டில் வளர்த்து, வளர்ந்தது எது, எந்த மருந்துக்கு அது மடியும், எதற்கு மசியாது என்று சொல்ல வேண்டும். காசநோய்க் கிருமியைப் பழைய முறையில் வளர்த்துப் பார்ப்பதென்றால் எட்டு வாரம் வரை காத்திருக்க வேண்டும். அவசரக்காரர்களுக்கான வேலை இல்லை. இதற்கெல்லாம் மேலே ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். அந்த ஆய்வேடு என்ன செய்யும் என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு கதை இருக்கிறது.

1985 கடைசி. சென்னை மருத்துவக் கல்லூரியில் மைக்ரோபயாலஜி மேல்படிப்பு மாணவி செல்லப்பன் நிர்மலா. வயது 32, இரண்டு குழந்தைகளின் தாய். ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தார். பேராசிரியை சுனிதி சாலமன், தமிழ்நாட்டில் எய்ட்ஸ் கிருமி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். எய்ட்ஸ் அமெரிக்காக்காரன் வியாதி, நம் பண்பாட்டுக்கு அது வராது என்று பெரிய மனிதர்கள் மார்தட்டிய காலம். பூனாவில் நூற்றுக்கணக்கான மாதிரிகளைப் பார்த்து ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். பிறகு என்ன தேடுவது?

ஆனாலும் அந்த அம்மாள் தேடினார். பாலியல் தொழிலாளிகளிடம் ரத்தம் எடுக்க வேண்டும். பெரியாஸ்பத்திரிக்கு வந்த பெண்களிடம் பழகி, அவர்கள் மூலமாக அரசு காப்பகத்துக்கு வழி கண்டுபிடித்தார். கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார், பஸ் காசு மிச்சம் என்று. கையுறை கிடையாது, பாதுகாப்புச் சாதனம் கிடையாது. எடுத்த மாதிரிகளை வைக்க வசதி இல்லாமல் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார். தயிரும் மோரும் வைக்கிற பெட்டி அது. என்ன சோதனை என்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை. இன்றைய விதிப்படி அது தவறு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சென்னையில் எலைசா சோதனைக்கு வசதி இல்லை. 1986 பிப்ரவரியில் கணவனும் மனைவியும் ஐஸ் பெட்டியோடு ராத்திரி ரயில் ஏறிக் காட்பாடியில் இறங்கி, ஆட்டோ பிடித்து வேலூர் சி.எம்.சி.க்குப் போனார்கள். அங்கே வைரஸ் துறைத் தலைவர் ஜேக்கப் ஜான் உதவிக்கு ஆள் கொடுத்தார். காலையில் தொடங்கிய சோதனை. மத்தியானம் கரண்ட் போனது. டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்து மூடியைத் திறந்தால் ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறியிருந்தன. மறுபடி ரத்தம் எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பி உறுதி செய்தார்கள். மே மாதம் சட்டசபையில் சுகாதார அமைச்சர் ஹண்டே அறிவித்தார். இந்தியாவில் எய்ட்ஸ் கிருமி இருக்கிறது என்பது ஒரு மாணவியின் ஆய்வேட்டிலிருந்துதான் நாட்டுக்குத் தெரிந்தது. 1987 மார்ச்சில் ஆய்வேட்டைக் கொடுத்து, எம்.டி. வாங்கி, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் தடுப்பூசி தயாரிக்கும் வேலைக்குச் சேர்ந்து, 2010இல் சத்தமில்லாமல் ஓய்வு பெற்றார். அந்த அம்மாளைச் சிலை வைத்துக் கும்பிடச் சொல்லவில்லை. அவர் படித்த படிப்பைக் கேலி செய்யாமல் இருந்தால் போதும்.

இன்னொன்றும் சொல்கிறேன். 1986 ஜனவரியில், அதாவது ஒரு மாதம் முன்னால், நான் இப்போது வருடத்தில் பாதி நாள் இருக்கிற இந்த ஜவ்வாது மலையில், காவலூரில், 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பிரதமர் ராஜீவ் காந்தி வந்து திறந்து வைத்தார். நல்ல காரியம்தான். 1988இல் அங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து ராமானுஜன் என்று பெயரும் வைத்தார்கள். எனக்கு அதில் பெருமை உண்டு, பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியும் இருக்கிறேன். கோடானுகோடி மைல் தள்ளி ஓடுகிற கல்லைக் காட்டித்தரும் மலை இது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் உடம்பில் ஓடுவது என்ன காய்ச்சல் என்று தெரிந்துகொள்ள மலை இறங்க வேண்டியிருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரர் என்று சும்மா சொல்லவில்லை. ஜமுனாமரத்தூரில் என் மகள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒருவர், நாற்பது வயது இருக்கும், சாமை விதைக்கிறவர், ஆடும் உண்டு. மழை ஓய்ந்து பனி இறங்கும் மாதத்தில் காய்ச்சல் கண்டது. கீழே ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனார்; பெயர் வேண்டாம். ஒரே ஒரு விடால் சோதனை செய்து டைபாய்டு என்று சொல்லி ஒன்பது நாள் ஊசி போட்டார்கள். காய்ச்சல் இறங்கவில்லை, மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆடுகளில் இரண்டு விலை போயிற்று. பிறகு வேறு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சட்டை வேட்டியைக் கழற்றச் சொல்லிப் பார்த்தபோது, இடுப்பு மடிப்பில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு. வலி கிடையாது, அரிப்பு கிடையாது, அவருக்கே தெரியாது. ஸ்க்ரப் டைபஸ். டாக்ஸிசைக்ளின் கொடுத்தார்கள். இரண்டு நாளில் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார்.

இது வேலூர்ப் பக்கம் நன்றாக அறிந்த காய்ச்சல். புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு கடித்து வருவது. விறகுக்கும் புல்லுக்கும் போகிறவர்களை அது தேடிப் பிடிக்கும். இதன் கிருமி நம் உயிரணுவுக்குள்ளேயே குடியிருப்பது. அதனால் சாதாரண கல்ச்சரில் வளராது. பெனிசிலின் வகை ஊசிகளும் செஃப்ட்ரியாக்ஸோனும் எத்தனை போட்டாலும் அதைத் தொடாது. விலை குறைந்த மாத்திரை கேட்கும், விலை உயர்ந்த ஊசி கேட்காது. இதைச் சொல்ல ஒருவர் வேண்டும் அல்லவா? அவர்தான் பூச்சி டாக்டர். நோய் முற்றியவர்களுக்கு டாக்ஸிசைக்ளினையும் அஸித்ரோமைசினையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நல்லது என்று 2023இல் உலகத்துக்கே சொன்ன ஆராய்ச்சியும் வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்தியதுதான். மலைக்கு அந்தண்டை கண்டுபிடிக்கிறார்கள். மலைக்கு இந்தண்டை ஆடு விற்கிறார்கள்.

விடால் பற்றி எனக்குத் தனிப்பட்ட கோபம் ஒன்று உண்டு. நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன். ஃபெர்னான் விதால் என்பதுதான் அந்த மனிதரின் பெயர், பாரீஸ் டாக்டர். 1896இல் அந்தச் சோதனையைச் சொன்னார். அன்றைக்கு அது பெரிய விஷயம். இன்றைக்கும் அதே சோதனையை ஒரே ஒரு தடவை செய்துவிட்டு, சீட்டில் எண்ணைப் பார்த்துவிட்டு டைபாய்டு என்று தீர்ப்பு எழுதுகிறார்கள். முன்பு எப்போதோ வந்த காய்ச்சலாலும் அந்த எண் ஏறியிருக்கும், வேறு காய்ச்சலிலும் ஏறும் என்று பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. மருந்து தொடங்குமுன் ரத்தத்தைக் கல்ச்சருக்கு அனுப்புவதுதான் முறை. யார் அனுப்புகிறார்கள்? கல்ச்சருக்கு ஆளும் இல்லை, பொறுமையும் இல்லை.

ஆள் ஏன் இல்லை என்று பார்த்தால் சுற்றி மறுபடி நம் வீட்டுக்கே வருகிறோம். நோயாளியைத் தொடாத பிரிவுகளின் மேல்படிப்பு இடங்கள் வருடா வருடம் காலியாகக் கிடக்கின்றன. 2023இல் நீட் மேல்படிப்புத் தேர்வின் தகுதியைப் பூஜ்ஜியம் சதமானம் வரை இறக்கினார்களே, நினைவிருக்கிறதா? பூஜ்ஜியம்! பரீட்சை எழுதியிருந்தாலே போதும் என்ற கணக்கு. இடம் நிரம்பவில்லை என்றால் அந்தப் படிப்புக்கு மதிப்பும் வேலையும் கூட்டிக் கொடுக்க வேண்டும். இவர்கள் வாசற்படியைச் செதுக்கித் தள்ளினார்கள்.

நான் முப்பத்தைந்து வருடம் கோப்பு சுமந்தவன், காலியிடத்தின் ஜாதகம் எனக்குத் தெரியும். ஒரு பணியிடம் காலி என்று மூன்று வருடம் அறிக்கையில் எழுதினால், நாலாவது வருடம் யாரோ ஒரு அதிகாரி, 'இத்தனை காலம் இது இல்லாமலேயே அலுவலகம் நடந்திருக்கிறதே' என்று ஓரத்தில் குறிப்பு எழுதுவார். அத்தோடு அந்தப் பணியிடம் செத்தது. ஆஸ்பத்திரியும் அப்படித்தான். அது இல்லாமலும் நடக்கும். எப்படி நடக்கும் என்பதைச் சாமை விதைக்கிறவரிடம் கேளுங்கள்.

டாக்டராகாமல் எம்.எஸ்சி. வழியாக இதே பாடத்தைப் படித்தவர்கள் இருக்கிறார்களே, அவர்களையாவது விட்டார்களா? மருத்துவக் கல்லூரிகளில் ஆசிரியர்களாக இருந்தவர்கள் அவர்கள். 2020இல் தேசிய மருத்துவ ஆணையம் மைக்ரோபயாலஜி, மருந்தியல் துறைகளில் அவர்களுக்குக் கதவைச் சாத்தியது. 2025இல் மறுபடி திறந்தது. நடுவில் போன ஐந்து வருடத்துக்கு யார் பதில் சொல்வது? பாஸ்ச்சர் என்று நீங்கள் சொல்லும் பஸ்தேர் டாக்டர் இல்லை, ரசாயனக்காரர். 1885இல் வெறிநாய் கடித்த சிறுவன் ஜோசஃப் மெய்ஸ்தேருக்குத் தடுப்பு மருந்தைக் கொண்டுவந்தவர் அவர். டாக்டர் பட்டம் இல்லாததால் ஊசியைப் போட்டது கிரான்ஷே என்ற டாக்டர். எங்கள் வகுப்பில் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். 2020 விதிப்படி அவர் நம் மருத்துவக் கல்லூரியில் மைக்ரோபயாலஜி விரிவுரையாளராகக்கூட ஆகியிருக்க முடியாது.

மெஷின் வந்துவிட்டதே, இனி ஆள் எதற்கு என்று கேட்கிற ஒரு கூட்டமும் இருக்கிறது. காசநோயை இரண்டு மணி நேரத்தில் சொல்லும் கருவி வந்திருக்கிறது, உண்மை. ஆனால் கேட்ட கேள்விக்குத்தான் மெஷின் பதில் சொல்லும். 1985இல் எய்ட்ஸ் உண்டா என்ற கேள்வியை எந்த மெஷின் கேட்டது? 2010இல் என்.டி.எம்.-1 என்ற, உயர்ந்த மருந்துகளையும் தோற்கடிக்கும் சங்கதி நம் ஊரில் பரவியிருக்கிறது என்று லான்செட் குழுமப் பத்திரிகையில் வந்த கட்டுரையின் முதல் பெயர் சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் கார்த்திகேயன் குமாரசாமியுடையது. சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் அது இருந்தது. அதற்கு நாம் என்ன செய்தோம்? பெயரில் புது டெல்லி இருக்கிறதே என்று சண்டை போட்டோம்.

குடும்பத்தார் கவலையில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். இதில் தனி கிளினிக் வைத்துச் சம்பாதிக்க முடியாது. பலகையில் பெயர் போட்டு மாலையில் டோக்கன் கொடுக்க முடியாது. சம்பளம்தான் கதி. தனியார் ஆஸ்பத்திரியில் கையெழுத்துக்காக மட்டும் வைத்துக்கொள்கிற அவலமும் உண்டு என்று கேள்வி. அதனால்தான் அரசாங்கத்தைப் பிடித்துக் கேட்கிறேன். தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு இந்தப் படிப்புப் படித்தவர்களுக்கான பணியிடங்களை உண்டாக்குங்கள், உண்டாக்கி நிரப்புங்கள். ஞாயிற்றுக்கிழமையும் கல்ச்சர் நடக்கட்டும். கிருமிக்கு வார விடுமுறை கிடையாது. அதுவரைக்கும் குறைந்தபட்சம், ஜமுனாமரத்தூரில் எடுக்கிற ரத்தம் அன்றைக்கே ஐஸ் பெட்டியில் கீழே போய், முடிவு மறுநாள் போனில் வருவதற்கு ஒரு வண்டியும் ஒரு ஆளும் போடுங்கள். இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டாம். ஒரு அலுவலக ஆணை போதும், வேண்டுமானால் வரைவை நானே எழுதித் தருகிறேன்.

பேத்திக்குக் கலந்தாய்வு அடுத்த மாதம். அவளுடைய பெரியம்மா இன்னும் தோல் மருத்துவம் கிடைக்குமா என்று ஜோசியரிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறாள். இவளோ போன வாரம் எனக்கு போன் செய்து, "தாத்தா, அந்த மலைக்காரருக்குக் கறுப்புப் பொருக்கு சரியா எந்த இடத்துல இருந்துச்சு, கேட்டுச் சொல்றீங்களா?" என்றாள். கேட்டுச் சொன்னேன்.